பூம் வாங்குவோர் கவனத்துக்கு

விண்ட்சர்ஃபிங் பாயின் இரு பக்கமும் வளைந்து செல்லும் ஜோடிக் குழாய்க்குப் பூம் என்று பெயர். முன்முனை பாய்மரத்தைக் கவ்விக்கொள்ளும். பின்முனையோடு பாயின் கோடியைக் கயிற்றால் இழுத்துக் கட்டுவார்கள். காற்று பிடித்தபின் பலகைமேல் நிற்பவருக்குக் கைப்பிடி இது ஒன்றுதான். ஆனாலும் பலகைக்கும் பாய்க்கும் அழுதது போக மிச்சமிருக்கும் காசில், கடைசி நாளில், பழைய பொருள் விளம்பரத்தைப் பார்த்து வாங்கப்படுவதும் இதுதான். ஓட்டுபவரின் திறமைக்கும் பணத்துக்கும் ஏற்ற பூம் எது என்பது கீழே வரிசையாகச் சொல்லப்படுகிறது.

பூமின் வரலாறு சிறியது, வழக்கு பெரியது. கலிஃபோர்னியாவில் ஹாய்ல் ஷ்வைட்சர், ஜிம் டிரேக் இருவரும் விண்ட்சர்ஃபிங் பலகைக்கு 1968இல் விண்ணப்பித்து 1970இல் காப்புரிமை பெற்றார்கள். பின்னாளில் இங்கிலாந்தில் வழக்கு வந்தபோது, 1958இலேயே ஹேலிங் தீவில் பீட்டர் சில்வர்ஸ் என்ற சிறுவன் இப்படியொன்றைத் தானே செய்து ஓட்டினான் என்று எதிர்த்தரப்பு எடுத்துக்காட்டியது. அவன் கட்டியவை நேரான கழிகள், காப்புரிமையில் இருப்பதோ வளைந்த பூம் என்று வாதம் எழுந்தது. காற்றடித்தால் நேரான கழியும் வளையத்தான் செய்யும் என்பதை 1980களில் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. காப்புரிமை அங்கே செல்லாமல் போயிற்று. ஆக, பூம் வளையும் என்பது சட்டப்படி நிலைநாட்டப்பட்ட உண்மை. வளையாத பூம் என்று சொல்லி இன்று வசூலிக்கப்படும் பணமெல்லாம் அந்தத் தீர்ப்பை எதிர்த்து வசூலிக்கப்படுவதுதான்.

முதலில் நீளம். பின்முனையை வெளிக்குழாய்க்குள் தள்ளியும் வெளியே இழுத்தும் துளையில் பூட்டி நீளத்தை மாற்றலாம். ஒவ்வொரு பாயிலும் அதற்கான பூம் நீளம் அச்சிட்டிருக்கும், படிப்பவர்கள் குறைவு. அலைகளில் ஓட்டும் சிறிய பாய்களுக்கு 140 முதல் 190 செ.மீ. வரை நீளும் பூம் சரியாக இருக்கும். ஏழு, எட்டு சதுர மீட்டர்ப் பாய்களுக்கு 180 முதல் 230 வரை வேண்டும். எல்லாவற்றுக்கும் ஒன்றே போதும் என்று சிக்கனம் பார்த்தால், பூமை முழுக்க நீட்டித்தான் பெரிய பாயைக் கட்ட வேண்டியிருக்கும். அந்த நிலையில்தான் பூம் அதிகமாக வளையும்.

அடுத்தது அலுமினியமா, கார்பனா. கார்பன் எடை குறைவு, விறைப்பு அதிகம். விலையோ அலுமினியத்தைப் போல மூன்று மடங்குகூட ஆகும். பெரிய பாயில் பலத்த காற்று மோதும்போது அலுமினியம் நெளிகிறது, பாயின் வடிவம் மாறுகிறது, வேகம் குறைகிறது. இது உண்மை. பயிற்சிப் பள்ளியில் நாலு சதுர மீட்டர்ப் பாயோடு தண்ணீரில் விழுந்து எழுந்துகொண்டிருப்பவருக்கு இந்த வித்தியாசம் தெரியாது என்பதும் உண்மை. கார்பனை வாங்குவது பெரும்பாலும் இவர்தான். இத்தாலியின் கார்டா ஏரியில், டோர்போலே கரையில், ‘ஓரா’ என்னும் பிற்பகல் காற்றுக்காகக் காத்திருக்கும் கூட்டத்தைப் பார்த்தால் விளங்கும். காற்று வரும்வரை ஒருவர் பூமை ஒருவர் தட்டிப் பார்த்து விறைப்பைப் பற்றிப் பேசுகிறார்கள். காற்று வந்ததும் விறைப்பைப் பற்றி அதிகம் பேசியவர் கரையிலேயே உட்கார்ந்து கயிற்றைச் சரிபார்க்கிறார்.

குழாயின் பருமனைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வழக்கமான பிடி 28, 29 மி.மீ.; சிறிய கைகளுக்கு 25, 26 மி.மீ. மெல்லிய பிடியில் முன்கை அவ்வளவு சீக்கிரம் மரத்துப்போகாது.

முன்முனைக் கவ்வி எந்தப் பாய்மரத்துக்கு என்று கேட்டே வாங்க வேண்டும். பாய்மரம் மெல்லியது, பருமனானது என இரு வகை. பருமனானதற்கான கவ்வியில் மெல்லிய மரத்தை மாட்ட நடுவே ஒரு பிளாஸ்டிக் துண்டு வேண்டும். பழைய பூம் வாங்கும்போது அந்தத் துண்டு மட்டும் எப்போதும் விற்றவர் வீட்டில் இருக்கும்.

பழைய பூமைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ‘இரண்டே முறை பயன்படுத்தியது’ என்றுதான் விளம்பரத்தில் இருக்கும். படத்தில் பூம் புல்வெளியில் படுத்திருக்கும். பின்முனை உள்ளே போய் வருமா என்று கேட்டால் ‘தாராளமாக’ என்று பதில் வரும். இந்த மாதம் பார்க்க நேர்ந்த ஒன்றும் அப்படித்தான். பூம் கார்மேல் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. பின்முனை கடைசித் துளை வரை நீண்டிருந்தது. பூட்டைத் திறந்து தள்ளினால் அசையவில்லை.

காரணம் எளியது. கடல்நீர் குழாய்க்குள் போகிறது, காய்கிறது, உப்பு தங்குகிறது. உள்குழாய்க்கும் வெளிக்குழாய்க்கும் நடுவே மணல் இறுகுகிறது. அலுமினியம் வெள்ளைப் பொடியாய்ப் பூக்கிறது. பின்முனை கார்பனாக இருந்தால் இன்னும் மோசம்: உப்புநீரில் கார்பனைத் தொட்டுக்கொண்டிருக்கும் அலுமினியம் மற்ற நேரத்தைவிட வேகமாக அரிபடும். இரண்டு முறையில் இவ்வளவு உப்பு ஏறியதென்றால், முதல் முறைக்கும் இரண்டாம் முறைக்கும் நடுவே பூமைக் கடலிலேயே விட்டுவைத்திருக்க வேண்டும்.

பிறகு வைத்தியம். நல்ல தண்ணீரில் ஊறவைக்கலாம். வெந்நீரை வெளிக்குழாய்மேல் மட்டும் ஊற்றலாம். சூட்டில் அது சற்று விரியும். வினிகர் ஊற்றச் சொல்பவர் உண்டு. துரு எடுக்கும் எண்ணெய் என்பவர் உண்டு. வினிகர்க்காரரும் எண்ணெய்க்காரரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வதில்லை. பின்முனை லாட வடிவில் இரு கால்கள் உள்ள ஒரே துண்டு. இரு காலும் சேர்ந்து நகர்ந்தால்தான் உண்டு. தட்டத் தட்ட ஒரு கால் மட்டும் அரை விரல் நகரும். மறுகால் நகராது. உடனே முழுத் துண்டும் கோணிக்கொண்டு முன்னைவிட இறுகிப்போகும். இதற்குள் நாலு பேர் சேர்ந்திருப்பார்கள். பூமின் தலையை மரத்தில் கட்டி, பின்முனையில் கயிறு போட்டுத் தேர் இழுப்பதுபோல் இழுப்பார்கள். தேராவது நகரும். மெல்ல, மரச்சுத்தியால், இரு காலையும் மாற்றி மாற்றித் தட்ட வேண்டும் என்று ஐந்தாவதாக வந்தவர் சொல்வார். சுத்தி அவரிடம் இருக்காது. இரும்புச் சுத்தியால் அடித்தால் குழாயின் வாய் நசுங்கும். அதோடு எல்லா வைத்தியமும் முடிந்தது. அன்றும் இவ்வளவும் நடக்கும்வரை கைகட்டி நின்ற விற்பவர், ‘இந்த நீளம் ஏழரைப் பாய்க்கு அளவெடுத்த மாதிரி இருக்கும்’ என்றார். விலையில் ஒரு யூரோகூடக் குறைக்கவில்லை. பூட்டைத் திறந்து முழுக்க உள்ளே தள்ளி, முழுக்க வெளியே இழுத்துப் பார்த்தபிறகே பணப்பையைத் தொட வேண்டும். தொடுவதற்குமுன் கைகுலுக்கவும் கூடாது.

பூமை மாட்டும்போது உயரம் பலகைமேல் நிற்பவரின் தோளுக்கும் மோவாய்க்கும் நடுவே இருக்கலாம். ஹார்னஸ் (பூமில் கட்டிய கயிற்றில் கொக்கியால் மாட்டிக்கொள்ளும் இடுப்புப்பட்டை) மாட்டிக்கொண்டவர் பலத்த காற்றில் முன்னால் தூக்கி எறியப்பட்டால், பாய்மரமும் பூமும் சேர்ந்து சாய்ந்து, கவ்வி பலகையின் மூக்கில் இறங்கும். மூக்கு பிளக்கும். கவ்வியில் தடித்த ரப்பர் இருக்கிறதா என்று கடையில் யாரும் பார்ப்பதில்லை. பலகை பழுதுபார்ப்பவர்தான் பார்க்கிறார். அவர் கேட்கும் கூலியும் பூமின் விலைப்பட்டியலில் சேர வேண்டியது.

ஹார்னஸ் கயிற்றின் வளைவில் முழங்கையை வைத்தால் விரல்கள் பூமை எட்ட வேண்டும். பெரும்பாலும் 24 முதல் 30 அங்குலம்வரை விற்கிறார்கள். முன்கையின் நீளத்தைக் கேட்டு யாரும் விற்பதில்லை. கயிறு பூமோடு வராது. தனியாக வாங்க வேண்டும்.