நத்தப்பேட்டை ஏரிக்குப் பணி நிரந்தரம் வேண்டி

பெறுநர்: சம்பந்தப்பட்ட துறை (முகவரி யாருக்கும் தெரியவில்லை)

ஐயா,

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்து நெசவாளி எழுதுவது. எந்த அலுவலகத்தில் மனு கொடுத்தாலும் ‘சம்பந்தப்பட்ட துறைக்கு அனுப்பியாயிற்று’ என்கிறார்கள். எதற்குச் சுற்றி வளைத்து என்று தங்களுக்கே நேரில் எழுதிவிட்டேன்.

எனக்காக ஒன்றும் கேட்கவில்லை. நத்தப்பேட்டை ஏரிக்காகக் கேட்கிறேன். மழைநீர் வடிவதற்கு இருந்த மஞ்சள்நீர் கால்வாய், ஊர்ச் சாக்கடையையும் வாரிக்கொண்டு போய் அங்கேதான் கொட்டுகிறது. சுத்திகரிப்பு நிலையத்துக்கு என்ன வேலை? கசடைப் படியவிட வேண்டும். காற்றடித்து நுண்ணுயிர்களுக்கு மூச்சுக் கொடுக்க வேண்டும். அவை அழுக்கைத் தின்ன வேண்டும். ஏரி இத்தனையும் முடிந்த மட்டும் செய்கிறது. மோட்டார் கிடையாது, கரண்ட் பில் கிடையாது, ஞாயிற்றுக்கிழமை கிடையாது. கூடமாட உதவிக்கு ஆகாயத்தாமரையைத் தானே சேர்த்துக்கொண்டது. நீர்நிலையில் விடும் கழிவுநீரில் பி.ஓ.டி. (அழுக்கைத் தின்னும் நுண்ணுயிர்களுக்கு வேண்டிய பிராணவாயு) லிட்டருக்கு 30 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது விதி. ஏரியையே நிலையமாக அறிவித்துவிட்டால் அதற்குள் எதை விட்டாலும் விதிமீறல் ஆகாதே! இந்த யோசனை என் சார்பில் இனாம்.

எங்கள் பங்கை மறைக்கவில்லை. பட்டு நூலைச் சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்கவைத்தால், எடையில் கால்வாசி வரை பசையாகக் கழன்று தண்ணீரோடு போகும். புழு கக்கிய புரதம் ஐயா, கிருமிகளுக்குக் கல்யாணச் சாப்பாடு. அவை தின்னத் தின்ன நீரிலுள்ள பிராணவாயு தீர்ந்து மீன் செத்து மிதக்கும். அப்புறம் சாயத் தண்ணீர். 2011-இல் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டதை நினைத்தால் எங்களுக்கும் வயிற்றைக் கலக்குகிறது. ஆனால் கால்வாயில் வரும் கக்கூஸ் தண்ணீருக்கு எந்தப் பட்டறையை மூடுவீர்கள்?

தங்கள் இன்னொரு சேவையையும் பாராட்டியாக வேண்டும். கோயில் குளத்திலிருந்து எழுந்தருளும் அத்திவரதரைச் சேவிக்க 40 ஆண்டு காத்திருக்கிறோம். 2019-இல் ஊர் கொள்ளாத கூட்டம். எங்கள் தெரு மேன்ஹோலோ மழைக்கு மழை பொங்கி எழுந்தருளுகிறது. வீதியுலாவும் உண்டு: வாசல், நடை, நேரே தறிக்குழி. குழித்தறியில் நெய்கிறவனின் கால் எங்கே இருக்கும் என்பது தங்களுக்குத் தெரிந்திருக்கும். மிதிகட்டை மிதக்கிறது. பாவில் ஈரம் ஏறி இழை தொய்கிறது. ஜரிகை பாடுதான் பெரும்பாடு. வெள்ளி அல்லவா, சாக்கடையிலிருந்து கிளம்பும் அழுகிய முட்டை வாடைக் காற்று பட்டால் கறுத்துப்போகும். அரக்கு முகூர்த்தப் புடவையின் முந்தானையில் அப்படிக் கறுத்த இடத்தைப் புது டிசைன் என்று சொல்லிப் பார்த்தேன். முதலாளி கூலியில் பிடித்துக்கொண்டார்.

கடலோர ஊர்கள் கழிவைக் கடலில் விட்டுக் கைகழுவிக்கொள்ளும். எங்கள் மாவட்டத்துக்கும் கடல் இருந்தது. 2019 நவம்பரில் பாகப்பிரிவினை நடந்தபோது கடல் செங்கல்பட்டுக்குப் போனது, சாக்கடை எங்கள் பங்குக்கு நின்றது. ஆனாலும் கடலோடு உறவு விட்டுப்போகவில்லை. வேகவதி ஆற்றில் விழும் சாக்கடை திருமுக்கூடலில் பாலாற்றோடு கலந்து, வெள்ளம் வந்தால் வயலூரில் கடலைச் சேரும். 2021-இல் நகராட்சி மாநகராட்சி ஆனதிலிருந்து அது சாதாரணச் சாக்கடையும் அல்ல, மாநகரச் சாக்கடை.

ஆகவே ஏரிக்குப் பணி நிரந்தரமும், இத்தனை வருஷ நிலுவைச் சம்பளமும், பஞ்சப்படியும் வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். நிதி இல்லை என்பீர்கள். அப்படியானால் கால்வாயில் நீட்டிக்கொண்டிருக்கும் வீட்டுக் குழாய்களைப் பாதாளச் சாக்கடையோடு இணைத்து, அதன் தண்ணீரை நிஜமான நிலையத்துக்கு அனுப்பி, ஏரிக்கு விருப்ப ஓய்வாவது கொடுங்கள்.

இப்படிக்கு,
தறிக்குழியில் கால் நனைந்தவன்

நகல்: வயலூர் முகத்துவாரம் – தகவலுக்காக. சரக்கு பின்னால் வருகிறது.