கோச் வைத்துக்கொண்டவர்

வேலை போன ஐ.டி. மேனேஜரைப் பழைய மகாபலிபுரம் சாலையில் அடையாளம் காண்பது கடினம். வழக்கம்போல் சட்டையை இன் பண்ணி, லேப்டாப் பையோடு எட்டரைக்குக் கிளம்பிவிடுவார். கழுத்தில் ஐ.டி. கார்டு மட்டும் இருக்காது. வேலை போனபின் கான்ஃபிடென்ஸ் கோச் வைத்துக்கொண்டவரைக் கண்டுபிடிப்பது சுலபம். ஒரு கேள்வி கேட்டால் போதும்.

"என்னங்க, பால் வாங்கலையா?"

நம்மவர் மூன்று நொடி மௌனம் காப்பார். உடனே பதில் சொன்னால் பதற்றம் தெரியுமாம். பிறகு தொடங்குவார்: "நான் போனப்போ கடையில பச்சைப் பாக்கெட் தீர்ந்திருந்தது. காலையில எல்லாருக்கும் காபி கிடைக்கணும், அது என் பொறுப்பு. அதனால பக்கத்துத் தெருக் கடையில விசாரிச்சேன், மாற்று வழிகளை அலசினேன். அதன் விளைவா…" விளைவு, பால் இல்லை.

சூழல், பணி, செயல், விளைவு என்று நான்கு படிகளில் பேசும் இந்த வித்தைக்கு ஸ்டார் முறை என்று பெயர். இன்டர்வியூவில் உளறாமல் பேச நல்ல உபாயம்தான். சமையலறை வாசலில் நின்று கேட்பவருக்குத்தான் நான்காம் படிவரை பொறுமை இருப்பதில்லை.

இவரைச் சொல்லியும் குற்றமில்லை. பல வருடங்களாக "நாங்க முடிச்சோம்", "டீம் பண்ணுச்சு" என்று பேசியே பழகியவர். திடீரென்று ஒரு மத்தியானம் எச்.ஆர். அழைத்து, கால் மணி நேரத்தில் கணக்கை முடித்தார்கள். அந்த 'நாங்க'ளில் மற்றவர்கள் எல்லாம் உள்ளேயே இருக்க, இவர் மட்டும் வெளியே வந்தார். இத்தனை காலம் நான் என்னதான் செய்தேன் என்ற சந்தேகம் அன்று ராத்திரி வந்தது. கோச் வந்தது அதற்கடுத்த மாதம், சனிக்கிழமைதோறும், ஜூமில்.

முதல் பாடம், கண்ணாடி முன் காலை அகட்டி, இடுப்பில் கைவைத்து இரண்டு நிமிடம் நிற்பது. 2010இல் வந்த ஓர் ஆய்வு, இதுபோல் உடம்பை விரித்த தோரணையில் இருந்தால் ஹார்மோனே மாறித் தைரியம் பிறக்கும் என்றது. அதை எழுதிய மூவரில் முதல் பெயருக்குரிய டேனா கார்னியே 2016இல், அந்த விளைவு உண்மையென்று நான் நம்பவில்லை என்று அறிவித்துவிட்டார். சேதி இன்னும் கோச்சுக்கு வந்து சேரவில்லை. நம்மவர் பாத்ரூமில் வீரபாண்டிய கட்டபொம்மனாக நிற்க, வெளியே மாமனார் துண்டோடு நிற்கிறார்.

மாமனார் தாலுகா ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர். "கான்ஃபிடென்ஸுக்கா மாப்பிள்ளை காசு கொடுக்கறீங்க? எங்க ஆபீசுல கான்ஃபிடென்ஷியல் ரிப்போர்ட்னு ஒண்ணுதான் உண்டு. வருஷா வருஷம் மேலதிகாரி எழுதுவார். என்ன எழுதினார்னு எனக்குக் கடைசிவரைக்கும் தெரியாது. அதனாலதான் நிம்மதியா ரிட்டயர் ஆனேன்."

இரண்டாம் பாடம்தான் கஷ்டம்: 'நான்' என்று சொல்ல வேண்டும். தன்னைத்தானே மெச்சிக்கொள்வது அசிங்கம் என்று வளர்க்கப்பட்ட ஆளுக்கு நாக்கு எழவில்லை. கோச் அமெரிக்கப் புத்தகங்களில் இருந்து ஏதேதோ சமாதானம் சொன்னார். அவ்வளவு தூரம் போயிருக்க வேண்டாம். பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர் இதைத் தீர்த்து வைத்திருக்கிறார். எத்தனை நூல் எழுதி முடித்தவனானாலும் தற்புகழ்ச்சி தகாது என்று ஒரு சூத்திரத்தில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டு, அடுத்த சூத்திரத்திலேயே நான்கு இடங்களில் விலக்குக் கொடுக்கிறார். அரசவைக்கு ஓலை விடுக்கும்போது, தன் திறமை அறியாதவர்கள் நடுவில், சபையில் வெல்ல வேண்டிய நேரத்தில், எதிராளி இழித்துப் பேசும்போது. அதாவது ரெஸ்யூம், எச்.ஆர்., இன்டர்வியூ பேனல். நான்காவது, கல்யாண வீட்டில் "இப்ப எங்க வேலை?" என்று விசாரிக்கும் சகலை.

கோச்சுகளைக் கேலி செய்யவே உட்கார்ந்தேன்; ஆனாலும் இந்தக் கோச் ஒரு காரியம் உருப்படியாகச் செய்தார். பக்கத்து ஃப்ளாட் பையனுக்கு மாதிரி இன்டர்வியூ நடத்தச் சொன்னார். பையனின் கோடில் பிழையைப் பார்த்த மாத்திரத்தில் நம்மவர் விரல் தானாகப் போய் அங்கே நின்றது. தன்னால் முடியும் என்ற எண்ணம் முக்கியமாக ஒன்றைச் செய்து முடித்துப் பார்ப்பதில்தான் வருகிறது என்று உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977இல் எழுதினார். கண்ணாடி கொடுக்காததை அந்தப் பையன் கொடுத்தான். பீஸ் என்னவோ கோச்சுக்குத்தான் போனது.

போன வாரம் வீடியோவில் இறுதிச் சுற்று. சம்பளப் பேச்சு வந்தது. எவர் முதலில் தொகை சொல்கிறாரோ அவருக்குத்தான் நஷ்டம், வாயைத் திறக்காதீர்கள் என்பது கோச்சின் கட்டளை. நம்மவர் புன்னகையோடு அசையாமல் உட்கார்ந்தார். திரையில் இருந்த எச்.ஆர். அம்மாவும் அதே புன்னகையோடு அசையாமல் உட்கார்ந்தார். அவருக்கும் எங்கோ ஒரு கோச் இருக்க வேண்டும். அரை நிமிடம் போயிருக்கும். பின்னால் நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த மாமனார் எட்டிப் பார்த்தார். இரண்டு பேரும் உறைந்து போயிருக்கிறார்கள்.

"நெட்டு நின்னுபோச்சு மாப்பிள்ளை, இருங்க," என்று எழுந்துபோய் மோடத்தின் சுவிட்சை அணைத்துப் போட்டார்.