ஸ்வயம்பாக நிபுணர்

பிறர் கையால் சமைத்த அன்னத்தைத் தீண்டுவதில்லை என்று விரதம் பூண்டு, யாத்திரை போகும் இடமெல்லாம் வெண்கலப் பானையைச் சுமந்து சென்று ஸ்வயம்பாகம் செய்து புசித்துவந்த பெரியவர்கள் அருகிப்போய்விட்டார்களே என்று வருந்துகிறவர்கள், ஏதாவதொரு கணினி அலுவலகத்தில் நுழைந்து, அங்கே சர்வர்களைப் பராமரிப்பவர் யார் என்று விசாரித்தால் அந்த வருத்தம் நீங்கப்பெறுவார்கள். அவருடைய ஆசாரம் சாப்பாட்டில் இல்லை. மத்தியான உணவை ஹோட்டலிலிருந்து வரவழைத்து ஆனந்தமாகவே உண்பார். ஆனால் தரவுத்தள சர்வர் ஒன்றை நிறுவுவதென்றால் மட்டும், அந்நியர் கம்பைல் செய்து அனுப்பிய பேக்கேஜை விரலாலும் தொடமாட்டார். மூலநிரலைத் தருவித்துத் தாமே பாகம் செய்தாக வேண்டும்.

டெபியன் லினக்ஸில் போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள சர்வர் வேண்டுமானால் 'ஏப்ட்' என்று தொடங்கும் ஒரே வரி போதும். சர்வர் வந்திறங்கி, தனக்குரிய பயனரையும் தரவுக் கோப்பகத்தையும் உண்டாக்கிக்கொண்டு, உடனே ஓடத் தொடங்குவதுடன், கணினி மறுபடி பூட் ஆகும்போதெல்லாம் தானாகவே எழுந்தும் விடும். புதிதாக வேலையில் சேர்ந்த பையன், "சார், ஏப்ட்ல போட்டா உடனே முடிஞ்சிடுமே?" என்று பணிவாகக் கேட்டால் அவர் கோபிக்கமாட்டார், மிகுந்த காருண்யத்துடன், "தம்பி, அதை யாரு கம்பைல் பண்ணினாங்க, என்னென்ன ஆப்ஷன் குடுத்தாங்கன்னு உனக்குத் தெரியுமா?" என்பார். பையனுக்குத் தெரியாது, அவருக்கும் தெரியாது. பீஜீ-கான்ஃபிக் என்ற கட்டளையைக் கேட்டால் அது அத்தனை ஆப்ஷன்களையும் வரிசையாக ஒப்பித்துவிடும் என்பது வாஸ்தவந்தான். ஆனால் கேட்டால் சந்தேகம் தீர்ந்துவிடும். சந்தேகம் தீர்ந்துவிட்டால் ஆசாரம் என்னாவது?

முதல் சடங்கு 'கான்ஃபிகர்'. சி கம்பைலர் வேலை செய்கிறதா, செய்கிறது. இன்ன ஹெடர் கோப்பு உண்டா, உண்டு என்று திரையில் கேள்வியும் பதிலுமாக ஓடும் வரிகளை, தம் வம்சத்தையே யாரோ புகழ்ந்து பாடுவதைப்போல் தலையசைத்து ரசிப்பார். நடுவில் ரீட்லைன் நூலகத்தைக் காணோம் என்று அது நின்றுவிடும். அந்த நூலகத்தின் உபயோகமெல்லாம், கட்டளைச் சாளரத்தில் அம்புக்குறியை அழுத்தினால் முன்பு அடித்த வரி திரும்ப வருவதுதான். அது வேண்டாமென்றால் இன்ன ஆப்ஷனைக் கொடுத்து மேலே போகலாம் என்று கான்ஃபிகரே தயவுடன் வழியும் சொல்லும். நம்மவரோ, ரீட்லைனையும் மூலத்திலிருந்தே கம்பைல் செய்யப் புறப்பட்டு, அது கேட்கும் வேறொரு நூலகத்தைத் தேடிப்போய், எதற்காகக் கிளம்பினோம் என்பதே மறந்துபோகும் சமயத்தில் ஒருவாறு திரும்பி வருவார்.

பிறகு 'மேக்'. கம்பைல் நடக்கும்போது சரித்திரம் சொல்லியாக வேண்டும்: 1986-இல் பெர்க்லியிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் ஆரம்பித்த ஆராய்ச்சி, 1994-இல் இரண்டு மாணவர்கள் அதற்கு எஸ்.க்யூ.எல். மொழியைப் பழக்கியது, 1996-இல் அது இப்போதைய நாமத்தைப் பெற்றது என்று நிதானமாக விஸ்தரிப்பார். 'ஜே' ஆப்ஷனைக் கொடுத்தால் எல்லாக் கோர்களும் வேலையைப் பங்கிட்டுக்கொண்டு விரைவில் முடித்துவிடும். முடித்துவிட்டால் சரித்திரம் பெர்க்லியிலேயே நின்றுபோகும் என்பதால் அதைக் கொடுப்பதில்லை. கடைசியில் தரவுக் கோப்பகத்தை உண்டாக்கும் 'இனிட்-டிபி'யை, சர்வ வல்லமை படைத்த ரூட் பயனராக இருந்துகொண்டு கம்பீரமாக ஏவுவார். ரூட்டாக இருப்பவருக்கு நான் ஊழியம் செய்வதில்லை என்று அது மறுத்துவிடும். தலையைச் சொறிந்துகொண்டே, அதிகாரமற்ற போஸ்ட்கிரெஸ் பயனரை உண்டாக்கி, அவனாக மாறி வந்து மறுபடியும் விண்ணப்பித்துக்கொள்வார்.

இத்தனை சிரத்தையுடன் சகலத்தையும் செய்து முடிப்பவர், பூட் ஆகும்போது சர்வர் தானே எழுவதற்கு வேண்டிய சிறு கோப்பை மட்டும், "நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று ஒதுக்கிவிடுவதன் ரகசியம், மின்சாரம் போகிற இரவில்தான் விளங்கும். யூ.பி.எஸ். ஓய்ந்து, கணினி அணைந்து, மறுபடி எழுந்து, 5432 என்ற போர்ட்டில் பதில் சொல்ல ஆளில்லாமல் அலுவலகமே தவிக்கும்போது, அவருக்கு ஃபோன் போகும். அவர் வருவார், விலகி நில்லுங்கள் என்று சைகை செய்வார், தோளால் விசைப்பலகையை மறைத்துக்கொண்டு ஒரே ஒரு வரியை அடிப்பார், சர்வர் எழுந்துவிடும். அந்த வேளையில் அவர் முகத்தில் வீசும் தேஜஸைப் பார்த்தவர்கள், இந்த மனிதரிடமிருந்து அந்தச் சிறு கோப்பை ஏன் வாங்க முடியாது என்பதைப் புரிந்துகொள்வார்கள்.

இது புரியாத பையன் ஒருநாள், பூட் ஆகும்போது சர்வர்களை எழுப்பும் சிஸ்டம்-டி என்ற நிரலுக்கான அந்தச் சிறு கோப்பைத் தானே எழுதி வைத்தான். சர்வர் அழகாகத்தான் எழுந்தது. ஆனால் 'நான் தயார்' என்று அது சொல்லியனுப்பவேண்டிய சேதிக்காக 90 வினாடி காத்திருந்த சிஸ்டம்-டி, சேதி வராததால், நன்றாக ஓடிக்கொண்டிருந்த சர்வரை நிறுத்திவிட்டது. கம்பைல் செய்தபோது சிஸ்டம்-டி ஆப்ஷனைக் கொடுத்திருந்தால்தான் சர்வர் அந்தச் சேதியைச் சொல்லும். கொடுக்காதவர் நம்மவரே. அதற்காக அவர் கூசினாரா? "பாத்தியா! பேக்கேஜா இருந்தா இப்ப என்ன பண்ணியிருப்பே?" என்று கேட்டுவிட்டு, புதிய உற்சாகத்துடன் மறுபடியும் கான்ஃபிகரில் உட்கார்ந்தார். பேக்கேஜாக இருந்தால் இந்தச் சங்கடமே வந்திராது என்பதைச் சொல்லாமல் விழுங்கிக்கொள்ளும் அளவுக்குப் பையனுக்கு அதற்குள் அனுபவம் வந்திருந்தது.

அடுத்த முறை மின்சாரம் போனபோது சர்வர் தானே எழுந்தது. யாரும் அவரைக் கூப்பிடவில்லை. காலையில் செய்தி கேட்டு நெடுநேரம் மௌனமாக உட்கார்ந்திருந்தவர், சர்வரை நாமே கம்பைல் செய்தோமே, அந்தக் கம்பைலரை யார் கம்பைல் செய்தார்கள் என்று கேட்டார். ஜி.சி.சி. என்ற அந்தக் கம்பைலரை மூலத்திலிருந்து நிறுவினால் அது தன்னையே மூன்று முறை கம்பைல் செய்துகொண்டு, இரண்டாவதும் மூன்றாவதும் ஒத்திருக்கின்றனவா என்று சோதித்துப் பார்க்கும் இயல்புடையது என்று படித்ததும், போன தேஜஸ் திரும்பிவிட்டது. மேலாளர் ஆட்சேபிக்கவில்லை, அது முடியும்வரை அவர் தரவுத்தளத்தின் பக்கம் வரமாட்டார் என்று கணக்குப்போட்டு, அதற்கென்று தனியாக ஒரு பழைய கணினியையும் ஒதுக்கிக் கொடுத்துவிட்டார்.