கல்லடிப் பாலத்தில் காது வைத்தல்: ஓர் ஆரம்ப ஆய்வு

மட்டக்களப்புக்கு வருகிற விருந்தாளியை இரண்டாம் நாள் என்ன செய்வது என்பது இவ்வூரின் தீராத பிரச்சினை. முதல் நாள் கோட்டையிலேயே போய்விடும். 1628இல் போர்த்துக்கேயர் கட்டி, 1638இல் ஒல்லாந்தர் பறித்த கோட்டை அது. சாயங்காலம் முகத்துவாரம் போனால் 1913ஆம் ஆண்டு வெளிச்சவீடு இருக்கிறது. இரவில் சட்டியோடு எருமைத் தயிர். அதை வழித்துச் சாப்பிட்டு முடித்ததும் விருந்தாளி தவறாமல் கேட்பார்: “இங்க மீன் பாடுமாமே?”

மீன் பாடுகிறதா என்பது விலங்கியலாருக்கான கேள்வி. நமக்கு அது வேண்டாம். கேட்கப் போகிற மனிதர் என்ன செய்கிறார் என்பதே இவ்வாய்வின் பொருள். இத்துறையில் இதுவரை எவரும் கை வைக்கவில்லை; ஏன் என்பது போகப் போகப் புரியும்.

ஆனால் மீன் பாட்டைக் கேட்கப் போன முன்னோடிகளைச் சொல்லியாக வேண்டும். இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் 1848 செப்டெம்பரில் மட்டக்களப்பு வாவியில் தோணியேறினார். நனைத்த விரலால் வைன் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்த்தால் எழும் அதிர்வைப் போல இருந்தது என்று எழுதிவைத்தார். வைன் கிண்ணம் புழங்காத வீட்டார் இவ்வுவமையை எப்படிச் சரிபார்ப்பது என்பதை அவர் யோசிக்கவில்லை. 1950களில் லாங் என்ற அமெரிக்க இயேசு சபைக் குரு தண்ணீருக்குள் ஒலிவாங்கியை இறக்கிப் பதிவே செய்துவிட்டார். யாழ் நூல் தந்த விபுலாநந்த அடிகளோ பாடுகிறவர்களை நீரரமகளிர் என்றே கொண்டார்.

டெனன்ட் செய்த பெரிய உபகாரம் வேறு. சத்தம் போடுவதன் பெயரை மீனவரிடம் அவர் விசாரித்தபோது, அது மீனல்ல, ஊரி என்றார்கள். அவர்கள் சொன்னதை ‘ஊரி கூலிரூ கிராடூ’ என்கிற மாதிரி ஆங்கில எழுத்தில் பதிந்து, ‘அழும் சிப்பி’ என்று பொருளும் எழுதினார். அந்தச் சிக்கலை அவிழ்த்தால் ‘ஊரி குளறுகிறது’ என்றுதான் வரும். எங்கள் பக்கத்தில் குளறுவதென்றால் வாய்விட்டு அழுவது. ஆகவே, தண்ணீரில் பிழைத்தவன் காதில் விழுந்தது அழுகை. கரையில் இருந்தவன் அதைப் பாட்டாக்கி, ஊருக்கு ‘மீன்பாடும் தேனாடு’ என்று பட்டமும் கட்டினான். விருந்தாளிக்கு அழுகையைக் காட்ட முடியாதே.

இனிக் கள ஆய்வு. முழுநிலா, காற்றில்லாத இரவு, சித்திரைக்கும் புரட்டாதிக்கும் இடைப்பட்ட காலம். கல்லடியின் பழைய இரும்புப் பாலத்தில் நின்று கேட்பது ஒரு முறை. ஆனால் பக்கத்திலேயே 2013இல் திறந்த புதுப் பாலத்தில் ஓடும் மோட்டார் சைக்கிள்களுக்குச் சுருதி ஞானம் குறைவு. தோணியில் போய், துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீருக்குள் விட்டு மறுமுனையில் காதை வைப்பதே நல்ல முறை. இதில் கண்ட முக்கிய உண்மை: கேட்டதா இல்லையா என்று சொல்லுமுன் ஒவ்வொருவரும் மற்றவர் முகத்தைப் பார்த்துக்கொள்கிறார்கள். தோணி கட்டவிழ்க்குமுன்பே கேட்டுவிட்டவர்களும் உண்டு. அவர்களை ஆய்விலிருந்து நீக்கினேன். எங்கள் குழுவில் ஒருவர் அரைமணி நேரம் துடுப்பில் காதை வைத்தபடியே விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். தோணிக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “தம்பி, நீங்க கதையை நிப்பாட்டுங்க. மறுகா மீன் கதைக்கும்.”

ஒப்பீட்டுக்காக, காது தேவைப்படாத ஒரு பயணமும் செய்தோம். வாவியின் கிழக்கே உள்ள எழுவான்கரையிலிருந்து மேற்கே உள்ள படுவான்கரைக்குப் ‘பாதை’யில் போவது. வெளியூரில் பாதை கிடக்கும், மனிதர் நடப்பார்; இங்கே மனிதர் நிற்பார், பாதை நகரும். ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கிற மிதவைக்கு அதுதான் பெயர். மண்முனைப் பாதைக்கு 2014இல் வந்த பாலம் ஓய்வு கொடுத்துவிட்டது. நாங்கள் குருமண்வெளியில் ஏறி மண்டூரில் இறங்கினோம். எல்லோருக்கும் திருப்தி. ஆனால் இறங்கியவர் ஒருவரும் தங்கவில்லை. அங்குள்ள கோயிலில் கும்பிட்டுக் கிறுகி வந்துவிட்டார்கள்.

இங்கேதான் ஆய்வு திரும்புகிறது. மட்டக்களப்பார் வந்தவரைப் பாயோடு ஒட்டவைப்பார்கள் என்பது நாடறிந்த பேச்சு. மாந்திரீகம் என்கிறார்கள், பெண் கொடுக்கும் உபாயம் என்கிறார்கள். இரண்டுக்கும் போதிய சான்றில்லை. என் முடிவு எளியது. கோட்டையைக் கண்டவர் போகிறார், பாதையில் கடந்தவர் போகிறார். மீன் பாடிக் கேட்காதவர் மட்டும் போவதில்லை. அடுத்த பௌர்ணமிக்கு இன்னும் 29 நாள் இருக்கிறது, பாயை விரிக்கிறார். அந்தப் பௌர்ணமியில் மழை பெய்தால் மறுபடி 29 நாள். இப்படியே பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் பார்க்கும் கட்டத்துக்கு வந்துவிட்டவர்களும் உண்டு.

ஆய்வைத் தொடர நினைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கேட்டாலும் கேட்காவிட்டாலும் துடுப்பைத் தோணிக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அவருக்கு விடியுமுன் வலை எடுக்கப் போகவேண்டும்.