மாமாவின் மூளைக்கு பி.ஓ.எச்.

மதியம் இரண்டு மணிக்கு மேல் செகந்திராபாத் மேற்கு மாரெட்பள்ளியில் மிக்சி போடக் கூடாது. கீழ் வீட்டு மாமா படுத்துவிட்டார்.

தென் மத்திய ரயில்வேயில் ரிட்டையரானவர். தூக்கம் என்று சொன்னால் கோபம் வரும். "தூக்கம் இல்லம்மா, மூளைக்கு பி.ஓ.எச்.!" லாலாகூடா ஒர்க்‌ஷாப்பில் ரயில் பெட்டியைக் கழற்றி மாட்டுவார்களே, பீரியாடிக் ஓவர்ஹால், அதுவாம் இது.

"நாசாவே சொல்லியிருக்கான்" என்பார். வாஸ்தவம்தான். நீண்ட தூர விமானிகளை முறை வைத்து 40 நிமிடம் ஓய்வெடுக்க விட்டார்கள். சராசரியாக 26 நிமிடம் தூங்கினார்கள், தூங்காதவர்களைவிட விழிப்பாக ஓட்டினார்கள். மாமா விமானம் ஓட்டுவதில்லை. 26 நிமிடத்தில் எழுந்திருப்பதும் இல்லை. இரண்டரை மணி நேரம், குறட்டை தனி.

போதாக்குறைக்கு 2023இல் லண்டன் யூனிவர்சிட்டி காலேஜும் உருகுவேக்காரர்களும் சேர்ந்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பகலில் தூங்கும் மரபணு வாகு உள்ளவர்களுக்கு மூளை 15.8 கன சென்டிமீட்டர் பெரிதாக இருக்கிறதாம். மாமா அதை வாட்ஸ்அப்பில் அபார்ட்மெண்ட் முழுக்க அனுப்பினார். இருமல் மருந்து மூன்று ஸ்பூன் அளவு அது. பார்த்ததை நினைவில் வைப்பதிலோ சட்டென்று செயல்படுவதிலோ வித்தியாசம் தெரியவில்லை என்றும் அதே ஆய்வு சொல்கிறது. அதை ஏனோ அனுப்பவில்லை. மறந்திருப்பார்.

நல்ல மனுஷர்தான். எழுந்ததும் கன்னத்தில் பாய்க்கோடுகளோடு வராந்தாவில் உட்கார்ந்து எங்கள் பையனுக்கு அல்ஜீப்ரா சொல்லித் தருவார். பைசா வாங்க மாட்டார்.

ஆனால் அந்த இரண்டரை மணி நேரமும் மாமி கதவருகே மோடாவில் காவல். கூரியர் பையன் பெல்லைத் தொடுமுன் கதவைத் திறக்க வேண்டும். "பாத்த இனுப சாமான்" என்று கூவி வருகிற பழைய இரும்புக்காரரைக் கையைக் காட்டி அடுத்த தெருவுக்கு அனுப்ப வேண்டும். எங்கள் வீட்டுக் குக்கர் விசிலுக்கு மாடியேறி வந்து வருத்தத்தோடு சொல்ல வேண்டும். நாலரைக்கு டிகாக்‌ஷன் இறங்கியிருக்க வேண்டும். மாமிக்கும் எழுபது தாண்டிவிட்டது. காலை ஐந்து மணிக்கு எழுந்தவர். அவர் மதியம் படுத்து நான் பார்த்ததே இல்லை. இதற்கு எந்த ஆய்வும் வேண்டாம், அநியாயம் என்று எனக்கே தெரிகிறது.

மாமா, நாளைக்கு பி.ஓ.எச். மாமிக்கு. மோடாவில் நீங்கள் உட்காருங்கள். நாலரைக் காபியும் உங்கள் கையால்தான்.