குட்டிக் கோஸும் ஆலிவும்

கேள்வி: ஆலிவ், பிரஸ்ஸல்ஸ் ஸ்ப்ரவுட்ஸ் இரண்டில் எதில் சத்து அதிகம்?

பதில்: எந்தச் சத்து என்பதைப் பொறுத்தது. ஸ்ப்ரவுட்ஸ் முட்டைக்கோஸ் குடும்பத்தின் கடைக்குட்டி. சமைக்காத 100 கிராமில் 43 கலோரி, 3.4 கிராம் புரதம், 85 மில்லிகிராம் வைட்டமின் சி. ஆரஞ்சே தோற்றுவிடும்! வைட்டமின் கே ஏராளம், கொழுப்பு பெயருக்குத்தான்.

ஊறவைத்த பச்சை ஆலிவில் சுமார் 145 கலோரி, 15 கிராம் கொழுப்பு. அதில் பெரும்பங்கு இதயத்துக்கு இதமான ஒலீயிக் அமிலம். வைட்டமின் சி தேடினால் ஏமாற்றமே. நார்ச்சத்தில் மட்டும் இரண்டும் ஏறக்குறைய சமம்.

வில்லன், உப்பு. மரத்தில் பறித்த ஆலிவ் வாயில் வைக்க முடியாத கசப்பு. அதைப் போக்கிப் பதப்படுத்த உப்புநீரில் ஊறப்போடுவதால், 100 கிராமில் சோடியம் சுமார் 1,500 மில்லிகிராம் ஏறிவிடுகிறது. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வகுத்த ஒரு நாள் வரம்பே 2,000தான். ஸ்ப்ரவுட்ஸில் வெறும் 25.

கடைக்குட்டியும் சாது அல்ல. அதிகம் வேகவிட்டால் கந்தகச் சேர்மங்கள் கிளம்பி வீடே நாறும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுவோர், வைட்டமின் கே கருதி, மருத்துவரைக் கேட்டே ஸ்ப்ரவுட்ஸ் உண்ணும் அளவை மாற்ற வேண்டும்.

மற்றவர்களுக்கு ஸ்ப்ரவுட்ஸ் பொரியல் அளவுக்கு. ஆலிவ் ஊறுகாய் அளவுக்கு.