காலிகிராபி சாஸ்திரம்: ஒரு பூர்வாங்க விசாரணை

கடன் பத்திரமானாலும் காதல் கடிதமானாலும், விஷயம் முன்னே செல்லக் கை அதன் பின்னே ஓடும் என்பதே எழுத்துலகின் புராதன தர்மம். இந்த முறையைத் தலைகீழாக்கி, முதலில் எழுத்தைச் சம்பாதித்துக்கொண்டு, பிறகு எழுதுவதற்கு விஷயம் தேடிப் புறப்படுகிறவர்களே ‘மாடர்ன் காலிகிராபி’யின் உபாசகர்கள். அவர்களுடைய லக்ஷணங்களையும், அவர்களால் தேசத்துக்கு விளையக்கூடிய க்ஷேமத்தையும் விசாரிப்பதே இவ்வாராய்ச்சியின் நோக்கம்.

முதலில் வம்ச வரலாறு. பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில், எழுத்தாசிரியர்கள் பேனாவால் எழுதியதைச் செதுக்குவேலைக்காரர்கள் செப்புத் தகட்டில் வெட்டி அச்சிட்டார்கள். ஜார்ஜ் பிக்கம் 1733 முதல் பகுதி பகுதியாக வெளியிட்ட ‘யுனிவர்ஸல் பென்மேன்’ அவ்வகையில் பிரசித்தமானது. செம்பில் உளி சாதித்த மென்மையைக் காகிதத்தில் பேனாவால் சாதிக்க முயன்று மாணாக்கர்கள் விரல் நொந்ததன் பலனே, சுமார் 55 பாகை சாய்வை விதியாகக் கொண்ட ‘காப்பர்பிளேட்’ என்னும் எழுத்து. நவீனர்களோ அந்தச் சாய்வையும் அடிக்கோட்டையும் உதறிவிட்டு, எழுத்துக்களை மேலும் கீழும் துள்ளவிட்டார்கள். நாலு கோடு நோட்டில் எழுத்துத் துள்ளியதற்காகப் பிரம்படி பட்ட பிரஜையே, நடுவயதில் கட்டணம் செலுத்தித் துள்ளப் பயில்வது கல்வி அபிவிருத்திக்குத் தக்க அத்தாட்சி.

இனிக் கருவி. நடுவே பிளந்த எஃகு முள்ளை மையில் தொட்டுக் கீழ்நோக்கி அழுத்தினால், இரு கவைகளும் விரிந்து கோடு தடிக்கும்; மேல்நோக்கி லேசாக இழுத்தால் மெலியும். சாஸ்திரம் முழுவதும் இவ்வளவே. எஞ்சியவை பயிற்சியும் கடைக்குப் போய்வருவதும். புது முள்ளில் துருவுக்கு அஞ்சிப் பூசிய எண்ணெயை நீக்கினாலன்றி மை ஒட்டாது. அதற்கு உருளைக்கிழங்கில் குத்துவோர், நெருப்பில் காட்டுவோர், எச்சிலால் துடைப்போர் என மூன்று சம்பிரதாயத்தார் உளர். இவர்களிடையே உள்ள பிணக்கின் முன் வடகலை, தென்கலை வழக்கு சமாதான மாநாடாகத் தோன்றும்.

சாதகன் முதலில் கோடுகளையும் வளைவுகளையும் இழைக்கிறான். அடுத்து, ஏறக்குறைய ஒரே ஜாதிக் கோடுகளாலான ‘மினிமம்’ என்ற ஆங்கிலச் சொல்லைப் பக்கம் பக்கமாக எழுதுகிறான். பின்பு தன் பெயர், உறவினர் கல்யாணக் கவர்கள். விஷயம் முற்றிலும் வற்றிய பரிபக்குவ நிலையில், உள்ளே இருப்பது மிளகாய்த்தூள் என்று கண்ணெதிரே தெரியும் கண்ணாடி ஜாடியின்மேல், அது மிளகாய்த்தூள்தான் என்று எழுதி ஒட்டுகிறான்.

‘எளிதில் படிக்கமுடியாததும், எழுத யுகம் பிடிப்பதுமான எழுத்தால் என்ன பிரயோஜனம்?’ என்பது பூர்வபக்ஷம். அந்தத் தாமதமே பிரயோஜனம் என்பது நமது சித்தாந்தம். கோபாவேசத்தில் ஒருவனை ‘ஸ்கௌண்ட்ரல்’ என்று எழுதப் புகுந்தவன், அதன் தலையெழுத்தின் வளைவுகளைத் திருத்தித் திருத்தி எழுதுவதற்குள், அது யாருக்காக என்பதையே மறந்து, வளைவு நன்றாக அமைந்ததென்று மகிழ்ந்து போகிறான். ஆகவே, சர்க்காருக்கு வரும் புகார் மனுக்கள் யாவும் இனிக் காலிகிராபியிலேயே இருக்கவேண்டுமென்று ஒரு சட்டம் இயற்றுவது உசிதம். மனுக்கள் அருகிப்போவது நிச்சயம். அதைக் குறைகள் தீர்ந்ததற்கு நிரூபணமாக ஆண்டறிக்கையில் சேர்த்துக்கொள்ளும் சாமர்த்தியம் அதிகாரிகளுக்கு ஏற்கெனவே உண்டு.